மரத்துக்கு மரம் - ஒரு ரயில்வேக்காரனின் பார்வை

நாம் சிறுவர்களாக இருந்தபோது மரம் ஏறினால் முதுகில் இரண்டு வைப்பார்கள். இப்போது மரம் ஏறுவதற்குத் தலைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்கிறார்கள். கையில் ரப்பர் முத்திரை வேறு. மும்பை, புணேவாசிகளான நமக்கு இது புதிதில்லை. லோனாவ்லா, கண்டாலா, முல்ஷி என்று எந்தப் பக்கம் போனாலும் "அட்வெஞ்சர் பார்க்" பலகை கண்ணில் படும். பேரன் பேத்தி உள்ள அன்பர்கள் எல்லோரும் ஒரு நாள் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். போகும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததை எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். நல்ல பருத்த மரங்களில் தரையிலிருந்து இருபது முப்பது அடி உயரத்தில் பலகை மேடை கட்டியிருப்பார்கள். மரத்துக்கு மரம் எஃகுக் கம்பி வடம், அதாவது நாங்கள் சொல்லும் ஒயர் ரோப், இழுத்துக் கட்டியிருக்கும். ஒரு மேடையிலிருந்து அடுத்த மேடைக்குப் போக ஓரிடத்தில் ஆடும் பலகைப் பாலம். ஓரிடத்தில் தொங்கும் டயர்கள். இன்னோரிடத்தில் காலுக்கு ஒரு வடம், கைக்கு இரண்டு வடம், அவ்வளவுதான் பாலம். கடைசியில் ஒரு நீள வடத்தில் கப்பியை மாட்டி, அதில் தொங்கியபடியே பள்ளத்தைத் தாண்டி எதிர் மேட்டுக்குச் சறுக்கிப் போவது. இதற்குத்தான் ஜிப்லைன் என்று பெயர்.

இதை வெள்ளைக்காரன் கண்டுபிடித்த விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். இமயமலைப் பக்கத்தில் பல இடங்களில் ஆற்றைக் கடக்க வடம்தான் வழியாக இருந்தது. நேபாளத்தில் அதை "துயின்" என்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதில் தொங்கிக்கொண்டு போனதுண்டு. அவர்களுக்கு அது விளையாட்டு அல்ல. 1941-ல் குர்ட் ஹான் என்பவர் வேல்ஸ் நாட்டின் அபர்டவி என்ற கடலோர ஊரில் "அவுட்வர்ட் பவுண்ட்" பள்ளியைத் தொடங்கினார். கயிறேற்றமும் தடை தாண்டலும் பிள்ளைகளுக்குப் பயிற்சி என்று உலகம் முழுக்கப் பரவியதில் அந்த இயக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1970-களில் டொனால்ட் பெர்ரி என்ற அமெரிக்க உயிரியல் ஆய்வாளர் கோஸ்டா ரிக்கா நாட்டு மழைக்காட்டின் உச்சிக் கிளைகளில் வாழும் செடி, பூச்சிகளைப் பார்க்கக் கயிறு கட்டி உலவினார். ஆராய்ச்சிக்குக் கட்டிய கயிறு பிறகு உல்லாசப் பயணிகளுக்கு வழிவிட்டது.

இனி என் கதைக்கு வருகிறேன். தீபாவளி விடுமுறைக்கு மகள், மாப்பிள்ளை, பேத்தி, பேரன் எல்லோரும் டோம்பிவ்லிக்கு வந்திருந்தார்கள். பேத்திக்கு பதின்மூன்று, பேரனுக்குப் பத்து. மாப்பிள்ளை யாரையும் கேட்காமல் ஓரிடத்துக்கு முன்பணம் கட்டி வைத்திருந்தார். இடத்தின் பெயர் வேண்டாம். எல்லோரும் காரில் போனோம். பிள்ளைகள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருக்கையில் நான் பழக்க தோஷத்தில் வடம் கட்டிய மரத்தடிக்குப் போய்விட்டேன். டிப்ளமா முடித்து ரயில்வேயில் பாலங்கள் பிரிவில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓட்டியவன். கர்டர் தூக்கும் வின்ச், டெரிக், ஒயர் ரோப் இவற்றோடுதான் என் காலம் போயிற்று. ஒரு வடத்தைப் பார்த்தால் அதன் நடுவை நான் பார்ப்பதில்லை. முனையைத்தான் பார்ப்பேன்.

ஒயர் ரோப்பின் முனையை மரத்தைச் சுற்றி வளைத்து, அந்த வடத்தோடேயே சேர்த்து இறுக்குவதற்கு "புல்டாக் கிரிப்" என்று ஒரு சாமான் உண்டு. யு வடிவத்தில் ஒரு போல்ட்டு, அதற்கு ஒரு சேணம், இரண்டு நட்டு. இதை எப்படி வேண்டுமானாலும் மாட்டலாம் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அப்படி இல்லை. பாரம் தாங்கும் வடத்தின் மேல் சேணம் உட்கார வேண்டும். வெட்டி விட்ட வால் பக்கத்தில் யு போல்ட்டு வர வேண்டும். மாற்றிப் போட்டால் யு போல்ட்டு பாரம் தாங்கும் வடத்தையே கடித்து நசுக்கும். 12 மில்லிமீட்டர் வடத்துக்குக் குறைந்தது மூன்று கிரிப்பாவது வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி வடத்தின் கனத்தைப் போல ஆறு மடங்கு, ஏறக்குறைய மூன்று அங்குலம். வேலைக்கு வரும் கலாசிக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது.

அங்கே இருந்தவை இரண்டே கிரிப்புகள். அவையும் ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக. நட்டில் துரு. மடித்த கைக்குட்டையை வடத்தில் கையெட்டும் தூரம் வரை மெல்ல இழுத்துப் பார்த்தேன். வடத்தில் ஓர் இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் துணி சிக்கிக்கொள்ளும். இரண்டு கஜத்துக்குள் மூன்று இடத்தில் சிக்கியது.

"பிள்ளைகள் ஏற வேண்டாம்" என்றேன்.

மகள், "அப்பா, காலையிலேர்ந்து அம்பது பேர் போயிட்டு வந்துட்டாங்க" என்றாள். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அவர் கோபித்துக்கொண்டால் பேசமாட்டார். மேனேஜர் வந்து, "அங்கிள், நாலு வருஷமா ஒண்ணும் ஆகலே" என்று இந்தியில் சொன்னார். நாலு வருஷமாக ஒன்றும் ஆகவில்லை என்பது இடிந்து விழப்போகும் பாலத்துக்கும் பொருந்தும் என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை. பணம் திரும்பவும் வரவில்லை. திரும்பும் வழியில் வண்டிக்குள் ஏசி சத்தம் மட்டும்தான் கேட்டது. பேரன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தேன்? மொட்டை மாடியில் துணி உலர்த்தும் கொடியை நினைத்துப் பாருங்கள். தளர்வாகக் கட்டிய கொடி நனைந்த வேட்டியைச் சுமக்கும். விறைப்பாகக் கட்டிய கொடியில் அதே வேட்டியைப் போட்டால் சுவரில் இருக்கும் ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். தொய்வு குறையக் குறைய இழுப்பு பெருகும். 200 மீட்டர் நீளமுள்ள வடம் நடுவில் 4 மீட்டர் தொய்வதாக வைத்துக்கொள்வோம். 80 கிலோ ஆசாமி ஒருவர் நடுவே தொங்கினால், அவரால் மட்டும் வடத்தில் ஏறும் இழுப்பு 80 கிலோ அல்ல, 1,000 கிலோ. வடத்தின் சொந்த எடையையும் சேர்த்தால் சுமார் ஒன்றே முக்கால் டன். நல்ல 12 மில்லிமீட்டர் வடம் 8 டன்னுக்கு மேல்தான் அறும். ஆகவே வடம் தாங்கும். ஆனால் அந்த ஒன்றே முக்கால் டன்னை மரத்தோடு பிடித்துக்கொண்டிருப்பவை அந்த இரண்டு துருப்பிடித்த கிரிப்புகள்தான்.

விபத்துகள் வடத்தில் மட்டுமே வருவதும் இல்லை. 2025 ஏப்ரலில் நம் புணே மாவட்டத்துப் பூங்கா ஒன்றில், ஜிப்லைனுக்காக மேலே நின்று கொக்கியை மாட்ட முயன்ற இளம் பெண் ஒருவர் கீழே விழுந்து இறந்துபோனார். அதே வருஷம் ஜூனில் மணாலியில், நாக்பூரிலிருந்து சுற்றுலா போன ஒரு சிறுமி பெல்ட் அறுந்து சுமார் 30 அடி பள்ளத்தில் விழுந்து படுகாயம் அடைந்தாள். ஒன்றில் கொக்கி, மற்றதில் வார். மகாராஷ்டிர அரசு 2021-ல் சாகசச் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. நடத்துகிறவர்கள் சுற்றுலாத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவுச் சான்று எங்கே என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்பவர்தான் இல்லை.

ஜனவரியில் குடியரசு தின விடுமுறைக்கு மாப்பிள்ளையே போன் செய்தார். "மாமா, லோனாவ்லா மேலே ஒரு இடம் இருக்காம். நீங்க முதல்ல பார்த்துட்டுச் சொல்லுங்க. அப்புறம் பணம் கட்டறேன்" என்றார். எனக்குச் சந்தோஷம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு வாரம் முன்னதாகவே தனியாகப் போனேன். நாவலும் கடுக்காயும் அடர்ந்த தோப்பு. வடத்தை மரத்தின் மேல் நேரடியாகச் சுற்றாமல், சுற்றிலும் மரக்கட்டைகளை வரிசையாக நிறுத்தி அவற்றின் மேல் சுற்றியிருந்தார்கள். வடம் பட்டையை அறுத்தால் மரம் பட்டுப்போகும் அல்லவா? மரம் பருக்கப் பருக்க வருஷாவருஷம் தளர்த்தியும் கட்ட வேண்டும். கிரிப்புகள் நான்கு, எல்லாம் ஒரே முகமாக. ரிஜிஸ்டர் கேட்டேன். பொறுப்பாளர் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்தார். தினமும் காலையில் பார்த்தவர் கையெழுத்து, எந்தக் கொக்கி எந்தத் தேதியில் ஒதுக்கப்பட்டது, எல்லாம் இருந்தது. மழைக்காலத்துப் பக்கங்களில் "மூடல்" என்று எழுதியிருந்தது. எங்கள் கேங்குப் புத்தகங்கள்கூடச் சில சமயம் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

இருபத்தாறாம் தேதி எல்லோருமாகப் போனோம். பக்கத்துக் கிராமத்து மராட்டி இளைஞன் ஒருவன்தான் பயிற்சியாளன். இரண்டடி உயரத்தில் கட்டியிருந்த பயிற்சிக் கம்பியில் முதலில் அரை மணி நேரம் நடக்கவிட்டான். ஒவ்வொருவர் இடுப்பு வாரிலிருந்தும் இரண்டு கொக்கிகள் தொங்கும். ஒரு வடத்திலிருந்து அடுத்ததற்கு மாறும்போது ஒன்றைக் கழற்றி மாட்டி, அதன் பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும். "ஏக் ஹூக் நேஹமீ வர்" என்று நூறு தரம் சொல்லியிருப்பான். ஒரு கொக்கி எப்போதும் மேலே! அந்தக் கொக்கிகளிலேயே ஒரு ஏற்பாடு இருந்தது. ஒன்று வடத்தில் பூட்டினால்தான் மற்றது திறக்கும். எங்கள் கேபின்களில் முட்களைச் சரியாகப் பூட்டாமல் சிக்னல் லீவரை இழுக்க முடியாதபடி செய்திருக்கும் இண்டர்லாக்கிங்தான் இது. மறதிக்கார மனிதனை நம்பாதே, இரும்பை நம்பு என்கிற சித்தாந்தம். எனக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

பேரன் குரங்காய்ப் போனான். பேத்திதான் மூன்று வடப் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டாள். முழங்கால் நடுங்குவது கீழேயே தெரிந்தது. மகள், "கீழே பார்க்காதே" என்று கத்தினாள். அந்தப் பையன் கத்தவில்லை. தன் கொக்கிகளை மாட்டிக்கொண்டு அவளுக்கு மூன்றடி தள்ளி வந்து நின்று, "கொக்கி ரெண்டும் மாட்டியிருக்கா பார். இப்போ கையை விட்டுட்டு உட்கார்" என்றான். அவள் மெல்ல உட்கார்ந்தாள். இடுப்பு வார் அவளைத் தாங்கிக்கொண்டு ஊஞ்சல் மாதிரி ஆடியது. ஒரு நிமிஷம் அப்படியே இருந்தவள், எழுந்து மிச்சப் பாலத்தைக் கடந்துவிட்டாள். விழுந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குக் காட்டியதுதான் அவன் செய்த வைத்தியம்.

நானும் போனேன். மனைவி, "அறுபது தாண்டியாச்சு, ஞாபகம் இருக்கட்டும்" என்றாள். ரத்த அழுத்தம் பார்த்தார்கள், எடை பார்த்தார்கள். பாலங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கால்கள் பிழைத்தன. ஆனால் கடைசி ஜிப்லைன் இருக்கிறதே! இருநூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் இறக்கம், அதாவது இருபதுக்கு ஒன்று. கர்ஜத்திலிருந்து லோனாவ்லா வரை போர் காட் ஏற்றம் முப்பத்தேழுக்கு ஒன்று; அதற்கே பின்னால் பாங்கர் இஞ்சின் வைத்துத் தள்ளுகிறோம். உராய்வே இல்லையென்றால் அந்த இறக்கத்தில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். காதில் காற்று, காலுக்குக் கீழே மர உச்சிகள், எதிரே நாகஃபணிப் பாறை. கணக்குப் போட்டுக்கொண்டே போக வேண்டும் என்று நினைத்திருந்தேன். கணக்கெல்லாம் பறந்துவிட்டது.

நிறுத்தும் முறையைத்தான் நான் பெரிதும் ரசித்தேன். தொய்வினால் வடம் கடைசியில் சற்று மேல் நோக்கி ஏறுகிறது. வேகம் தானாகவே குறைகிறது. மிச்சத்தைத் தடுப்புக் கயிறும் ஸ்பிரிங்கும் பார்த்துக்கொள்கின்றன. போர் காட்டில் நாம் கீழே இறங்கும்போது மங்கி ஹில் கேபினில் வண்டி நிற்குமே, ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? நின்று காட்டி, பிரேக் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மெயின் லைன் கிடைக்கும். நிற்காத வண்டியை, மலை மேல் நோக்கி ஏறும் கேட்ச் சைடிங்குக்குத் திருப்பிவிடும்படி முட்கள் இருக்கும். ஏற்றமே அதற்குப் பிரேக். அன்று மாலை திரும்பும்போது பேரனுக்கு ஜன்னல் வழியாக அதைக் காட்டினேன். "மங்கி ஹில்லா? பேரு சரியாத்தான் வெச்சிருக்காங்க தாத்தா" என்றான்.

போகிற அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். துப்பட்டா, தளர்ந்த கூந்தல், கழுத்துச் சங்கிலி கூடாது, கப்பியில் சிக்கும். மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். ஓடும் கப்பிக்கு முன்னால் வடத்தில் கை வைக்கவே கூடாது. இடுப்பு வாரின் தையலை விரலால் தடவிப் பாருங்கள். கீழே பயிற்சி கொடுக்காமல் நேரே மேலே ஏற்றுகிற இடத்தில் வடையும் டீயும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம்.

முதல் இடத்துக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினேன். கிரிப்பை எப்படி மாட்ட வேண்டும் என்று படம் வரைந்து, இடைவெளியை மில்லிமீட்டரில் குறித்து, ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். நகல் ஒன்று சுற்றுலாத் துறைக்கு. இரண்டும் சேர்ந்துவிட்டதாகத் தபால் விவரம் சொல்கிறது. பதில் வரவில்லை. அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போகிறேன். கைக்குட்டையை எடுத்து வைத்திருக்கிறேன்.