கோரிமேட்டுக் கோடு: புதுச்சேரி எல்லை அன்றும் இன்றும்

முத்தியால்பேட்டையிலிருந்து கோட்டக்குப்பத்துக்கு நடந்து போகிறவருக்கு எல்லை எங்கே என்று தெரியாது. கடைப் பலகையில் மாநிலத்தின் பெயர் மாறியிருக்கும், அவ்வளவுதான். சோதனைச் சாவடியில் தமிழகப் போலீசார் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கச் சொல்லி, உள்ளே பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கும்போதுதான் வேறு ஆட்சிப் பகுதிக்குள் வந்துவிட்டோம் என்பது உறைக்கும். கோரிமேட்டிலும் முள்ளோடைப் பக்கமும் இதே கதைதான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு சரக்கு லாரிகளை நிறுத்தி வரி பார்க்கும் வேலை போயிற்று. மிச்சம் இருப்பது பெரும்பாலும் மதுவுக்கான சோதனை.

இந்த எல்லைக்கோட்டை நம்பி ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள் உண்டு. 1908-ல் 'இந்தியா' பத்திரிகையின் சட்டப்படியான ஆசிரியர் சென்னையில் கைதானதும், அடுத்த பிடி தன்மேல்தான் விழும் என்று தெரிந்து, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் பாரதி வந்தார். பத்திரிகையும் பின்னாலேயே வந்தது. 1910 ஏப்ரல் 4 அன்று கல்கத்தாவிலிருந்து கப்பலில் அரவிந்தர் வந்து இறங்கினார். கோமுட்டிச் செட்டித் தெருவில் சங்கர செட்டியாரின் வீட்டு மாடி அவருக்கு முதல் தங்குமிடம் ஆயிற்று. லண்டனுக்குப் பாரிஸ்டர் படிக்கப் போன வ.வே.சு. ஐயரும் அதே ஆண்டில் மாறுவேடத்தில் வந்து சேர்ந்தார்.

பிரிட்டிஷ் துப்பறியும் போலீசார் சும்மா இருக்கவில்லை. ஊருக்குள்ளேயே தங்கிக்கொண்டு யார் வருகிறார், யார் போகிறார் என்று குறித்துக்கொண்டார்கள். பின்தொடர முடிந்தது, கை வைக்க முடியவில்லை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டபின் நெருக்கடி பல மடங்கானது. அந்த ஆண்டிலேயே பிரெஞ்சு அரசு அந்நியர்களுக்கு ஒரு பதிவுச் சட்டம் கொண்டுவந்தது. வெளியிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் பெயரைப் பதிய வேண்டும்; ஊரின் மதிப்புள்ள குடிமக்கள் ஐந்து பேர் கையெழுத்திட்டுச் சான்று தர வேண்டும். சான்று இல்லாதவர் வெளியேற வேண்டியதுதான். வெளியே, எல்லைக்கு அந்தப்புறம், வாரண்ட் காத்திருந்தது. சங்கர செட்டியார்தான் அலைந்து திரிந்து அந்தக் கையெழுத்துகளை வாங்கித் தந்தார். தங்கள் பெயரை எழுதிக் கொடுக்க ஐந்து பேர் முன்வந்ததால்தான் புதுச்சேரிப் பாரதி என்று ஒருவர் நமக்கு இருக்கிறார்.

வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் நடந்ததையும் சொல்ல வேண்டும். தண்ணீர் இறைக்கப் போன வேலைக்காரப் பெண்ணின் வாளியில் ஒரு ஜாடி ஏறி வந்தது. உள்ளே காளி படங்களும் ராஜத்துரோகத் துண்டறிக்கைகளும் இருந்தன. வேவுக்காரர்கள் போட்டுவைத்துவிட்டு, பிறகு தகவல் கொடுத்துச் சோதனை போட வைக்கும் ஏற்பாடு. அரவிந்தர் சொன்ன யோசனைப்படி ஜாடியை இவர்களே பிரெஞ்சுப் போலீசிடம் ஒப்படைத்தார்கள். இவர்கள்மேல் வந்த புகாரை விசாரிக்க அரவிந்தரின் வீட்டுக்கு வந்த பிரெஞ்சு நீதிபதி, மேஜைமேல் கிரேக்க, லத்தீன் புத்தகங்களைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போனார். அடைக்கலம் தேடி வந்தவர்மேல் குற்றம் சாட்டப்பட்டபோது அதை நேரில் வந்து விசாரிக்க ஒரு நீதிபதி இருந்தார் என்பதுதான் இதில் எனக்கு முக்கியம்.

1918 நவம்பரில் பாரதி எல்லையைத் தாண்டினார். கடலூர் அருகே கைதாகி மூன்று வாரத்துக்கு மேல் சிறையில் இருந்தார். பத்தாண்டுகளுக்குப் பிறகும் கோடு கோடாகத்தான் இருந்தது.

அந்தக் கோடு நேர்க்கோடும் அல்ல. புதுச்சேரியின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று துண்டு துண்டாக, நடுவில் தென்னாற்காடு மாவட்டத்துக் கிராமங்கள். பக்கத்து வயலுக்குப் போனால் வேறு நாடு. 1941-ல் இரு தரப்புக்கும் பொதுவான சுங்க ஏற்பாடு ஒன்று வந்ததால் மக்களுக்கு அது பெரிதாக உறைக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு, 1949 மார்ச் 31-உடன் அந்த ஏற்பாட்டை இந்தியா முடித்துக்கொண்டது. மறுநாளிலிருந்து சுங்கக் காவல் வளையம். தங்கமும் கைக்கடிகாரமும் கடத்துகிறவர்கள் கொழித்தார்கள். சந்தைக்குக் காய்கறி கொண்டு போகிற பெண்தான் கூடையை இறக்கிக் காட்ட வேண்டியிருந்தது. 1954-ல் அனுமதிச் சீட்டு முறையும் வந்து, பிரெஞ்சுப் பகுதிகளைச் சுற்றி முற்றுகைபோல் ஆயிற்று. எல்லையை இறுக்குவது அரசுக்கு ஒரு கையெழுத்து. கிராமத்துக்கு அது கல்யாணத்துக்குப் போக முடியாத நாள், மருந்து வாங்கப் போக முடியாத இரவு. 2020 கொரோனா காலத்தில் இந்தச் சாலைகளில் மறுபடி தடுப்புகள் வைத்து இ-பாஸ் கேட்டபோது, நேற்றுவரை ஒரே ஊராக இருந்த தெருக்களுக்கு அதன் ருசி கொஞ்சம் தெரிந்தது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு, எட்டுப் பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16 அன்றுதான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுத்தவர்கள் இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணிலேயே வெளிநாட்டவர் ஆனார்கள். அண்ணன் இந்தியர், தம்பி பிரெஞ்சுக்காரர் என்ற குடும்பங்கள் இன்றும் இங்கே உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் பணிசெய்து பென்ஷன் வாங்குகிற 'சொல்தா' வீடுகளை ஊரில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.

அன்று நிலத்தில் இருந்த எல்லை இன்று கடலுக்கும் காகிதத்துக்கும் போய்விட்டது. கடல் எல்லையைப் பற்றிய அக்கறை வீண் பயம் அல்ல. 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள், 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கடத்தி அதில்தான் வந்தார்கள். அதன்பிறகு கடலோரக் காவல் படைக்குப் புதுச்சேரியில் மாவட்டத் தலைமையகம் வந்தது. கரையோரப் போலீஸ் வலுவானது. மீனவர்களுக்கு பயோமெட்ரிக் அட்டை வந்தது. 'சாகர் கவச்' ஒத்திகை நாட்களில் தீவிரவாதி வேடமிட்ட போலீசார் படகில் ஊடுருவப் பார்க்க, கரையில் நிற்கும் போலீசார் அவர்களை மடக்குவார்கள். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் விடியற்காலை வலையோடு கிளம்புகிறவர்களும் அன்று அட்டையை எடுத்துக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கடலில் அந்நியப் படகை முதலில் பார்க்கப்போவது மீனவர்தான். அவரைச் சந்தேகிக்காமல் துணையாக வைத்துக்கொண்டால் அதைவிடப் பெரிய காவல் இல்லை.

காகித எல்லைதான் யோசிக்க வைக்கிறது. 2025 மார்ச் 11 அன்று குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் மசோதா மக்களவையில் அறிமுகமானது. ஏப்ரல் 4-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல், செப்டம்பர் 1 முதல் அமல். 1920, 1939, 1946 ஆண்டுகளின் பிரிட்டிஷ் காலச் சட்டங்களையும் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றையும் நீக்கிவிட்டு எல்லாவற்றையும் ஒரே சட்டமாக்கியது. பழைய சட்டங்களைத் தூக்கியெறிய வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. உரிய பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் ஐந்தாண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே. போலி ஆவணம் என்றால் இரண்டிலிருந்து ஏழாண்டு. விடுதி, மருத்துவமனை, பல்கலைக்கழகம் எல்லாம் தங்களிடம் வரும் வெளிநாட்டவர் பற்றித் தகவல் தர வேண்டும். பிரெஞ்சுக் குடியிருப்புத் தெருக்களில் வீட்டை விருந்தினர் விடுதியாக்கியவர்களுக்கு இது பழகிய வேலை. பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து, விசா எண்ணைத் தட்டி, 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றிவிடுவார்கள். அன்றைய ஐந்து கையெழுத்துகளின் இடத்தில் இன்று இந்தப் பதிவு. வித்தியாசம் என்னவென்றால், அன்று கையெழுத்திட்டவர்கள் அந்த மனிதருக்காகப் பொறுப்பேற்றார்கள். இன்றைய பதிவில் யாரும் யாருக்காகவும் பொறுப்பேற்பதில்லை.

நான் திரும்பத் திரும்பப் படித்தது மூன்றாம் பிரிவை. யாரை உள்ளே விடக் கூடாது என்பதற்கான காரணங்களில் தேசப் பாதுகாப்பு, இறையாண்மை, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றோடு 'வெளிநாட்டுடனான உறவு' என்பதும் இருக்கிறது. குடியேற்ற அதிகாரியின் முடிவே இறுதியானது என்றும் இருக்கிறது. லண்டன் அரசு பிரான்சிடம் பாரதியையும் அரவிந்தரையும் பற்றி வைத்த வாதமும் அதுதானே: எங்கள் உறவு உங்களுக்கு வேண்டுமென்றால் இவர்களை வெளியேற்றுங்கள். அப்படி ஒரு பிரிவும், மேல்முறையீடு இல்லாத ஓர் அதிகாரியும் 1910-ல் புதுச்சேரித் துறைமுகத்தில் இருந்திருந்தால் அரவிந்தர் கரையேறியிருக்க மாட்டார். விவாதத்தின்போது உள்துறை அமைச்சர் அமித் ஷா நாடு தர்மசாலை அல்ல என்றார். கெட்ட எண்ணத்தோடு வருகிறவருக்கு அது சரியான பதில். ஆனால் வருகிறவர் எந்த எண்ணத்தோடு வருகிறார் என்று யாராவது ஒருவர் கேட்டுப் பார்க்க வேண்டும்; அதிகாரி தவறினால் திருத்த அவருக்கு மேலே இன்னொருவர் வேண்டும். அகதிகளுக்கென்று தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை.

காலாப்பட்டைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம்; வேலைக்கும் மருத்துவத்துக்கும் அவர்களுக்குப் பக்கம் புதுச்சேரிதான். புதிய சட்டத்தோடு வெளியான விலக்கு உத்தரவு, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளிக்கிறது. நல்ல காரியம், நன்றியோடு சொல்ல வேண்டியது. அது குடியுரிமை தரவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. 2022-ல் இலங்கைப் பொருளாதாரம் விழுந்தபோது கைக்குழந்தைகளோடு படகேறி தனுஷ்கோடிக் கரையில் இறங்கி, மண்டபம் முகாமுக்கு வந்தவர்கள் அந்தத் தேதிக்கு வெளியே நிற்கிறார்கள். தேதியை நகர்த்த நாடாளுமன்றத்தில் இன்னொரு மசோதா வேண்டாம், உள்துறை அமைச்சகத்தின் ஓர் உத்தரவு போதும். அதைக் கேட்கும் குரல் புதுச்சேரியின் மக்களவை உறுப்பினரிடமிருந்தும் மாநிலங்களவை உறுப்பினரிடமிருந்தும் முதலில் வர வேண்டும்.