ஸ்பூன் போடும் ஆரோகணம்

பக்கத்து ஸீட்காரர் லஞ்சுக்குப் போனதும் இதைச் செய்து பாருங்கள். கனமான பீங்கான் மக்கில் நல்ல வெந்நீர் ஊற்றி, இரண்டு ஸ்பூன் இன்ஸ்டன்ட் காபிப் பொடி போட்டுக் கலக்குங்கள். கலக்குவதை நிறுத்திவிட்டு, மக்கின் உள் அடியை ஸ்பூனால் 'டொக் டொக்' என்று விடாமல் தட்டுங்கள். (எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். அது தானே கணீரென்று கத்தி விஷயத்தைக் கெடுத்துவிடும்.)

முதலில் கட்டைக் குரல். போகப் போக ஸ்ருதி ஏறிக்கொண்டே போகும். மறுபடி கலக்கினால் பொத்தென்று இறங்கும். மேனேஜர் எட்டிப் பார்த்தால் 'பிஸிக்ஸ் ஸார்' என்று சொல்லுங்கள். நம்பமாட்டார். ஆனால் நிஜம். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிராங்க் க்ராஃபோர்ட் 1982-ல் இதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினார். அவர் கலக்கியது ஹாட் சாக்லேட்!

காரணம், பொடியோடு உள்ளே போகும் காற்றுக் குமிழிகள். ஒலி காற்றில் விநாடிக்கு சுமார் 340 மீட்டர் ஓடும். தண்ணீரில் சுமார் 1,480. இரண்டையும் கலந்தால் நடுவில் ஏதோ ஒரு வேகம் வரும் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. தண்ணீரில் வெறும் 1 சதவிகிதம் குமிழி இருந்தால் போதும், வேகம் ஏறக்குறைய 100 மீட்டருக்கு இறங்கிவிடும். காற்றைவிட மெது!

ஒலிக்கு இரண்டு விஷயம் முக்கியம். பொருள் எவ்வளவு கனம், அமுக்கினால் எவ்வளவு விட்டுக்கொடுக்கும். தண்ணீர் கனம்தான், ஆனால் அமுங்கவே அமுங்காது. காற்று தொளதொள, ஆனால் லேசு. குமிழித் தண்ணீரோ இவரிடமிருந்து கனத்தையும் அவரிடமிருந்து தொளதொளப்பையும் மட்டும் வாங்கிக்கொண்டு பிறந்த பிள்ளை. அப்புறம் எங்கே ஓடுவது? காபியின் உயரம் மாறாததால் அலையின் நீளமும் மாறாது. வேகம் குறைந்தால் அதிர்வும் குறைந்து குரல் கட்டையாகிறது. குமிழிகள் மேலே வந்து உடைய உடைய வேகம் திரும்பி, ஸ்ருதி ஏறுகிறது.

குமிழிக்கு வெளியிலும் உத்தியோகம் உண்டு. ஜெர்மனியை ஒட்டிய வட கடலில் காற்றாலை நிறுத்த, ராட்சச இரும்புக் குழாய்களைக் கடல் தரையில் அடித்து இறக்குகிறார்கள். அங்கே டால்பினுக்குத் தம்பி முறையான கடற்பன்றி என்றொரு பிராணி இருக்கிறது. அது இரை தேடுவதே காதை வைத்துத்தான். அந்த இடி அதன் காதைக் கெடுத்துவிடும். அதனால், ஓட்டை போட்ட ஹோஸைக் குழாயைச் சுற்றி வட்டமாகத் தரையில் போட்டு, கம்ப்ரஸரால் காற்றை அடைக்கிறார்கள். சுற்றிலும் குமிழிச் சுவர் எழும்புகிறது. உள்ளே விழும் அடியின் சத்தத்தில் பெரும்பகுதி அதில் மோதித் திரும்பியும், குமிழிகளுக்குள்ளேயே அடங்கியும் போகிறது.