படகில் பாரம் தாழ்ந்திருக்கட்டும்

பெங்களூர்க்காரர்கள் விடுமுறைக்குப் போய்வரும் தேக்கடியில், 2009 செப்டம்பர் 30-ந் தேதி 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்க மேல்தளத்தில் இருந்தோர் ஒரே பக்கம் திரண்டதும் படகு சாய்ந்துவிட்டது. பாரம் உயரத்தில் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு அதுவே பாடம்.

ஊரில் மீன்பிடிக்கச் சிறு அலுமினியப் படகு வைத்திருக்கும் நம்மவர்களும் இதை மறக்கலாகாது. நின்று தூண்டில் போட மேடை அமைக்க ஆசை எழுவது இயல்பே. ஆனால் குறுக்கு இருக்கைகள் உட்காருவதற்கு மட்டுமல்ல. இரு பக்கத் தகடுகளையும் விறைப்பாகப் பிடித்திருப்பவையும் அவைதாம். ஒன்றை அறுத்தெடுத்தால் ஈடாகக் குறுக்குச் சட்டம் பொருத்த வேண்டும். இருக்கைக்கு அடியில் உள்ள நுரைக்கட்டியை எடுத்துவிட்டுச் சாமான் பெட்டி செய்வது ஆபத்து. படகில் தண்ணீர் நிரம்பினாலும் மூழ்காமல் தாங்குவது அந்த நுரைதான்.

மேடை எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது. பாட்டரியும் பெட்ரோல் டாங்கியும் அடித்தளத்தில், ஒன்றுக்கொன்று தள்ளி, நகராதபடி கட்டப்பட வேண்டும். செம்பு, பித்தளை ஆணிகள் கூடாது. ஈரம் பட்டால் அவற்றைச் சுற்றியுள்ள அலுமினியம் அரித்துப்போகும். புதிதாகச் சேரும் ஒவ்வொரு கிலோவையும், படகு தாங்கும் எடையிலிருந்து கழித்தே ஆள் ஏற்ற வேண்டும்.

வேலை முடிந்ததும் மிதவைச் சட்டை அணிந்து, ஆழமில்லாத் தண்ணீரில் ஒரு பக்கமாக நின்று பார்க்க வேண்டும். படகு அதிகம் சாய்ந்தால் மேடையைப் பிரித்துவிடுவதே புத்திசாலித்தனம். பட்டறைக்குக் கொடுத்த கூலியை மறுபடி சம்பாதிக்கலாம். உயிரைச் சம்பாதிக்க முடியாது.