மலையில் தோட்டா கிடைத்தால்

தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறுகிறவர், ஆடு மேய்க்கிறவர், காட்டோரம் தோப்பு வைத்திருப்பவர் என்று யார் கண்ணிலும் ஒருநாள் பச்சை பூத்த பித்தளைத் தோட்டா ஒன்று படலாம். சிவகாசி வட்டாரத்தில் அதில் கூடுதல் ஆபத்து உண்டு. பட்டாசுத் தொழில் நடக்கும் இங்கே வெடிமருந்தைக் கண்டு யாரும் மிரள்வதில்லை. "எந்தக் காலத்துச் சரக்கோ, நமத்துப் போயிருக்கும்" என்று தட்டிப் பார்க்கத் துணிகிற ஆள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்.

அந்தத் தைரியம் வேண்டாம். 2018 ஜூனில் ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது, பெட்டி பெட்டியாகத் தோட்டாக்களும் வெடிபொருள்களும் வெளிவந்தன. 1980-களில் இலங்கைப் போராளிக் குழுக்கள் புதைத்துவிட்டுப் போனவை என்று கருதப்பட்டது. துருவேறிக் கிடந்தும் அவற்றைக் கையாள வெடிகுண்டு நிபுணர்கள் வரவேண்டியிருந்தது.

இன்னதென்று அறிய எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. குனிந்து பார்த்தாலே பாதி தெரியும். பிரிட்டிஷ் காலத்து 'த்ரீ நாட் த்ரீ' தோட்டா ஏறக்குறைய 78 மில்லிமீட்டர் நீளம். அடி விளிம்பு வெளியே துருத்தியிருக்கும். அடித்தட்டில் 'கே.எஃப்.' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் புனே அருகே கிர்க்கீ ஆலையில் செய்தது. பிற்கால 7.62 தோட்டாவில் விளிம்பு துருத்தாது. அடியை ஒட்டிப் பள்ளம் சுற்றி ஓடும். வாய் திறந்து குண்டில்லாமல் கிடந்தால் சுட்டு முடித்த கூடு. வாயை மடித்து நெருக்கியிருந்தால் சத்தத்துக்காகச் சுடும் வெற்றுத் தோட்டா. அதில் மருந்து உண்டு. குண்டோடு இருக்கும் தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பில் குழி விழுந்திருந்தாலும் நம்பக் கூடாது. துப்பாக்கி ஊசி அடித்தும் பற்றாமல் போனதிலும் அதே குழி இருக்கும்.

வில்லங்கமே அந்தக் கேப்தான். பழைய கேப்புகளில் பாதரசச் சேர்மமும் பொட்டாசியம் குளோரேட்டும் இருக்கும். குளோரேட்டோடு கந்தகம் கலந்து பட்டாசு செய்ய 1992-லேயே ஏன் தடை வந்தது என்பதை மருந்து அறையில் வேலை பார்த்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துப்பாக்கிக்கு வெளியே வெடித்தால் பித்தளைக் கூடு கிழிந்து சிதறும். விரலும் கண்ணும்தான் போகும். குறட்டால் குண்டைப் பிடுங்குவதும், பித்தளை விலைக்குப் பழைய இரும்புக் கடையில் போடுவதும் அதைவிடப் பெரிய வினை.

சட்டத்துக்கு வருவோம். உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. பட்டாசு ஆலை உரிமம் இதற்குச் செல்லாது. ஆனால் தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்பதை உச்ச நீதிமன்றம் 1972-லேயே குன்வந்த்லால் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. விமான நிலையத்தில் பையின் மூலையில் ஒற்றைத் தோட்டா சிக்கிய பல வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. ரத்தாகும்வரை அலைந்த அலைச்சலை யார் திருப்பித் தருவார்கள்?

அதனால் கண்டவருக்குப் பாதுகாப்பு, எடுக்காமலே சொல்வதில்தான். இடத்துக்கு ஓர் அடையாளம் வைத்துவிட்டு விலகி, 112-க்கு அழையுங்கள். காட்டுக்குள் என்றால் வனத்துறைச் சோதனைச் சாவடியிலும் சொல்லலாம். கையில் பிடித்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது, உங்களுக்கு எதிராக நீங்களே தயாரிக்கும் சாட்சி. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். தரத் தயங்கினால் அதே மனுவை விருதுநகரில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள்.