வேலையை விட்டவரின் சாவி இன்னும் ஏன் திறக்கிறது?

ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். அடையாள அட்டையை வாங்கிக்கொள்கிறோம். நாற்பது சர்வர்களில் கிடக்கும் அவருடைய டிஜிட்டல் சாவி என்ன ஆகும்?

1995-இல் பின்லாந்தின் டாட்டூ யுலோனென் உருவாக்கிய, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் முறையில், சர்வரில் உள்ள ஒவ்வொரு கணக்குக்கும் 'ஆத்தரைஸ்டு கீஸ்' என்றொரு கோப்பு உண்டு. அதில் அவருடைய சாவிக்கான ஒரு வரி இருந்தால் கதவு திறக்கும். கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த வரி அப்படியே இருக்கும். நாற்பது கோப்புகளைக் கையால் திருத்தும்போது ஒன்று விட்டுப்போனாலும் ஆபத்துதான்.

அதனால்தான் சர்வர்களைக் குழுவாகச் சேர்த்து, அந்தக் குழுவுக்குள் யார் யார் நுழையலாம் என்று ஒரு மையப் பட்டியலை வைக்கிறார்கள். இன்னாரை இந்தக் குழுவிலிருந்து நீக்கு என்று, அந்தப் பட்டியலை நிர்வகிக்கும் மென்பொருளின் ஏபிஐக்கு (நிரல்கள் கோரிக்கை அனுப்பும் வழிக்கு) ஒரேயொரு 'டெலீட்' கோரிக்கை போகிறது. மையப் பட்டியலில் பெயர் நீங்குகிறது. ஒவ்வொரு சர்வரிலும் ஓடும் சிறு நிரல் அதைப் பார்த்துத் தன் கோப்பிலுள்ள வரியை அழிக்கிறது. அதே சர்வர் வேறொரு குழுவிலும் இருந்து, அந்தக் குழுவிலும் அவர் இருந்தால்? வழி திறந்தேதான் இருக்கும். அதையும் பார்க்க வேண்டும்.

பலரும் கோட்டைவிடும் இடம் இன்னொன்று. சாவி சோதிக்கப்படுவது நுழையும்போது மட்டுமே. ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் இணைப்பு தானாக அறாது. நீக்கிய கையோடு, யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் 'ஹூ' கட்டளையை அடித்துப் பாருங்கள். அவர் பெயர் தெரிந்தால் அந்த இணைப்பையும் துண்டித்துவிடுங்கள்.