பந்தய வண்டியும் அளவுகோலும்

பந்தயம் என்றவுடன் பெரும்பாலோர் நெஞ்சில் தோன்றுவன வேகமும், ஆரவாரமும், வெற்றிக் கோப்பையுமேயாம். ஆயினும் மோட்டார்ப் பந்தயங்களில், ஓட்டம் ஓய்ந்து மக்கள் கலைந்த பின்னரும் முடிவுறாத பகுதி ஒன்றுண்டு. முதலாவதாக வந்தவனுடைய வண்டியைத் தனியிடத்திற் கொண்டுபோய் நிறுத்தி, அதன் எந்திரத்தைக் கழற்றி, உறுப்புக்களை ஒவ்வொன்றாக அளந்து, அவை விதிக்குட்பட்டன என்று கண்ட பின்னரே வெற்றி உறுதியாகின்றது. அளவு மிஞ்சியிருக்குமாயின் வென்றவன் பெயர் பட்டியலினின்றும் நீக்கப்படுகின்றது. இத்தகுதியிழப்பு எவ்வாறு நிகழ்கின்றது என்பதையும், அதனை நாம் எவ்வாறு கருதுதல் முறை என்பதையும் நம் மாணவ நண்பர்கட்கு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருள் நம் பக்கத்தார்க்கு அயலானதன்று. கோயம்புத்தூரினின்று திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பல்லடத்திற்கும் காங்கயத்திற்கும் இடையே உள்ளது நம் பொங்கலூர். இங்கிருந்து மேற்கே பல்லடத்தைக் கடந்து சென்றால், கோவைக்கு அணித்தாகச் செட்டிபாளையத்தில், பந்தய வண்டிகளைத் தாமே அமைத்துப் புகழ் பெற்ற கரிவரதன் பெயரால் விளங்கும் பந்தயக்களம் இருக்கின்றது. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005ஆம் ஆண்டில் பார்முலா ஒன் பந்தயங்களில் ஓட்டிய முதல் இந்தியரானார். ஆதலால் மோட்டார்ப் பந்தயத்தின் நெறியை அறிந்துகொள்ளுதல் நமக்குப் பொருத்தமே.

பந்தய வகைகள் பலவற்றுள் மிக எளியது டிராக் பந்தயம். வளைவில்லாத நேர்ப்பாதையில் இரண்டு வண்டிகள் பக்கம் பக்கமாக நிற்கும். விளக்குக் குறி தோன்றியவுடன் நிலையினின்றும் புறப்பட்டுக் கால் மைல், அதாவது ஏறக்குறைய 402 மீட்டர் தூரத்தை எது முன்னே கடக்கின்றதோ அதுவே வென்றதாகும். முடிவில் ஒரு வண்டி மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுமாயின், ஒரு நொடியில் நூற்றிலொரு பங்கு என்பது 42 சென்டிமீட்டர் தூரத்திற்குச் சமம். வெற்றி தோல்விகள் இத்துணை நுண்ணிய வேற்றுமையால் அமைதலின், எந்திரத்தில் கூடும் சிறு வலிமையும் பந்தயத்தின் முடிவையே மாற்றவல்லது.

பெரிய எந்திரமும் சிறிய எந்திரமும் ஒருங்கே ஓடுதல் நீதியன்று. ஆதலின் வண்டிகளை எந்திரக் கொள்ளளவால் வகுக்கின்றனர். இதனையே நாம் 'சி.சி.' என்று வழங்குகின்றோம். சிலிண்டரின் உள் விட்டத்தைத் 'துளை' எனவும், அதனுள் பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரத்தை 'வீச்சு' எனவும் கொள்வோம். துளையின் வர்க்கத்தை 0.7854 என்னும் எண்ணாற் பெருக்கி, வந்ததை வீச்சாற் பெருக்கினால் கொள்ளளவு கிடைக்கும். துளை 50 மில்லிமீட்டரும் வீச்சு 49.5 மில்லிமீட்டரும் உள்ள எந்திரத்தின் கொள்ளளவு 97.2 சி.சி. ஆகும்.

இனி ஒன்றைக் கருதுவோம். நெடுநாள் ஓடிச் சிலிண்டர் தேய்ந்தால், மெக்கானிக் அதனைச் சற்றுக் கடைந்து 'போர்' செய்து, பெரிய பிஸ்டனை இடுவது வழக்கம். மேற்கூறிய எந்திரத்தில் அரை மில்லிமீட்டர் கடைந்தால் கொள்ளளவு 99.1 சி.சி. ஆகும். ஒரு மில்லிமீட்டர் கடைந்தாலோ 101.1 சி.சி. ஆகிவிடும். வகுப்பின் எல்லை 100 சி.சி. என்றிருந்தால் முதலது தகுதியுடையது, இரண்டாவது தகுதியற்றது. தன் வண்டிக்கு எத்துணைக் கடைசல் நடந்தது என்பதையே அறியாத ஓட்டுநனும் இவ்வாறு தகுதியிழத்தல் கூடும். இதனை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பரிசோதனையின் முறை, நம் மாணவர் ஆய்வுக்கூடத்திற் செய்யும் முறையினின்றும் மிக வேறுபட்டதன்று. ஓட்டம் முடிந்தவுடன் வண்டிகள் காவலுள்ள வளாகத்தில் அடைக்கப்படும். உரியவனும் அதிகாரியின் இசைவின்றித் தன் வண்டியைத் தொடலாகாது. பின்னர்ச் சிலிண்டரின் தலைப்பகுதியைக் கழற்றித் துளையையும் வீச்சையும் அளப்பர். பியூரெட்டினின்றும் நீர்மம் ஊற்றி எரியறையின் கொள்ளளவைக் காண்பர். மேற்கூறிய 97.2 சி.சி. எந்திரத்தின் எரியறை 10.8 சி.சி. ஆயின், அவ்விரண்டின் கூட்டுத்தொகையை எரியறையின் அளவால் வகுக்க, அழுத்த விகிதம் பத்துக்கு ஒன்று எனக் கிடைக்கும். வால்வு எழும் உயரம், கார்புரேட்டரின் காற்றுவழி, வண்டியின் எடை, எரிபொருளின் தன்மை ஆகியவற்றையும் அந்தந்தப் பந்தயத்தின் விதிக்கேற்பச் சோதிப்பர். முடிவில் மனக்குறையுடையார்க்கு மேன்முறையீட்டு உரிமையும் உண்டு.

பனியன் தொழிலால் வாழும் நம் வட்டாரத்தார்க்கு இது புதிதாகத் தோன்றாது. துணியினின்றும் நூறு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வட்டத் துண்டை வெட்டி நிறுக்கின்றோம். அது 1.80 கிராம் இருந்தால் துணி 180 ஜி.எஸ்.எம். என்று குறிக்கின்றோம். வாங்குவோன் குறித்த அளவினின்றும் துணி வேறுபட்டால் சரக்குத் திரும்புகின்றது. பின்னியவன் வேண்டுமென்று குறைத்தானா, கைப்பிழையால் குறைந்ததா என்று தராசு வினவுவதில்லை. பந்தயப் பரிசோதனையும் அத்தகையதே. அது வண்டியை அளக்கின்றதேயன்றி மனிதனுடைய உள்ளத்தை அளப்பதில்லை.

இவ்வேற்றுமையைத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று, நம் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காக ஓட்டிய பந்தயத்திலேயே நடந்தது. 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் இத்தாலியில் இமோலா என்னுமிடத்தில் சான் மரினோ பந்தயம் நிகழ்ந்தது. பி.ஏ.ஆர். ஹோண்டா அணியின் ஜென்சன் பட்டன் மூன்றாவதாகவும், டக்குமா சாட்டோ ஐந்தாவதாகவும் வந்தனர். ஓட்டுநனோடு சேர்த்து வண்டியின் எடை 600 கிலோவுக்குக் குறைதலாகாது என்பது விதி. பட்டனுடைய வண்டி 606.1 கிலோ இருந்தது. ஆனால் எரிபொருளை முற்றும் வடித்தபோது, தொட்டியினுள் மற்றோர் அறையிலும் எரிபொருள் இருந்தமை வெளிப்பட்டது. அதனையும் வடித்த பின் எடை 594.6 கிலோவாயிற்று. அந்த எரிபொருள் எந்திரம் செவ்வனே இயங்குதற்கு இன்றியமையாதது என்றனர் அணியினர். எடையை நிரப்புதற்கு எரிபொருளைக் கணக்கிற் சேர்த்தல் ஆகாது என்றது உலக மோட்டார்ச் சம்மேளனம். களத்திலிருந்த நடுவர்கள் முதலில் முடிவை ஏற்றுக்கொண்டனர். சம்மேளனம் மேன்முறையீடு செய்தது. அவ்வாண்டு மே மாதத்தில் மேன்முறையீட்டு மன்றம், வேண்டுமென்றே வஞ்சித்தனர் என்று கொள்ள இயலாதெனினும் அணியினர் கவனக்குறைவோடும் ஒளிவோடும் நடந்துகொண்டனர் எனக் கண்டு, இரு வண்டிகளையும் பட்டியலினின்றும் நீக்கி, அடுத்த இரண்டு பந்தயங்களிலும் அவ்வணி கலந்துகொள்ளாதவாறு விலக்கிற்று. வஞ்சனை மெய்ப்பிக்கப்படாதிருந்தும் தகுதியிழப்பு நிகழ்ந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மெய்யாகவே வஞ்சித்தாரும் உளர். 1995ஆம் ஆண்டு உலக ராலிப் போட்டியில் டொயோட்டா அணியின் எந்திரத்தைச் சோதித்தபோது, காற்றுப் புகும் வழியை 34 மில்லிமீட்டருக்குள் அடக்கும் வளையத்தில் ஒரு தந்திரம் காணப்பட்டது. குழாயை இறுக்கிப் பூட்டியவுடன் விற்சுருளின் விசையால் வளையம் சற்று நகர்ந்து, விதித்த அளவினும் மிகுதியான காற்றுக்கு வழிவிடும். சோதிப்பதற்குக் குழாயைக் கழற்றினாலோ தானே முன்னிலைக்கு மீண்டு, குற்றமற்றதுபோல் தோன்றும். அளப்பவனை ஏமாற்றுதற்கென்றே அமைந்த இக்கருவியைக் கண்ட சம்மேளனம், அவ்வணியின் அவ்வாண்டுப் புள்ளிகளையெல்லாம் நீக்கி, 1996ஆம் ஆண்டிலும் அதனை விலக்கி வைத்தது.

இதற்கு மாறாக, 2024ஆம் ஆண்டு ஜூலையில் பெல்ஜியப் பந்தயத்தில் முதலாவதாக வந்த ஜார்ஜ் ரஸ்ஸலின் வண்டி, 798 கிலோ இருத்தற்குரியது, எரிபொருளை வடித்தபின் 796.5 கிலோவே இருந்தது. ஒன்றரைக் கிலோ குறைவினால் வெற்றி போயிற்று. அது தம் பிழையே என்று அணியினர் ஒப்புக்கொண்டனர். இரண்டாவதாக வந்த லூயிஸ் ஹாமில்டன் வென்றவரானார்.

தீர்ப்பும் திருத்தத்திற்கு அப்பாற்பட்டதன்று. 1976ஆம் ஆண்டு ஸ்பெயின் பந்தயத்தில் வென்ற ஜேம்ஸ் ஹண்டின் வண்டி, அகலத்தில் 1.8 சென்டிமீட்டர் மிகுந்திருந்தமையால் நீக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அத்தண்டனை குற்றத்தினும் மிகப் பெரிது எனக் கருதி, அபராதம் விதித்து வெற்றியைத் திருப்பித் தந்தனர். அவ்வாண்டு உலகப் பட்டத்தை ஹண்ட் ஒரே புள்ளி மிகுதியாற் பெற்றார். அம்மேன்முறையீடு இல்லையேல் பட்டமும் இல்லை.

இந்நிகழ்ச்சிகளால் நாம் அறிவது யாது? தகுதியிழப்பு வேறு, இழுக்கு வேறு. அளவு பிறழ்ந்தபொழுது இரக்கத்தால் அதனைப் பொறுத்தல், விதியைப் போற்றி இரண்டாவதாக வந்தவனுக்குச் செய்யும் அநீதியாகும். அவன் பெயரை ஆரவாரத்தில் ஒருவரும் நினைப்பதில்லை. அளவுகோல் ஒன்றே அவனுக்குத் துணை. அதுபோலவே, அளவு பிறழ்ந்தமை ஒன்றை மட்டும் கண்டு ஒருவனை வஞ்சகன் என்று தூற்றுதலும் அநீதியேயாம். வஞ்சனை என்பதற்குத் தனிச் சான்று வேண்டும். டொயோட்டாவின் விற்சுருள் அத்தகைய சான்று. கடைசலில் மிஞ்சிய அரை மில்லிமீட்டர் அத்தகையதன்று.

நம் இளைஞர்க்கு மற்றொன்றும் கூறவேண்டும். இரவில் நெடுஞ்சாலையில் நண்பர் கூடி ஓட்டும் பந்தயத்தில் அளப்பாரும் இல்லை, காப்பாரும் இல்லை. அரசின் இசைவின்றிப் பொதுவிடத்தில் வேகப் பந்தயம் ஓட்டுதல் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி குற்றமாகும். வேகத்தில் விருப்பமுடையோர் விதியும் அளவுகோலும் உள்ள களத்தை நாடுதலே நன்று.

தேர்வுத்தாளிலும், தொழிற்சாலைத் தராசிலும், பிற்காலத்தில் நாம் வகிக்கும் பதவிகளிலும் அளக்கப்படும் நாள் நமக்கும் வரும். அந்நாளில் அளவை மறைக்காமலும், அளப்பவனை வையாமலும் நிற்கக் கற்றுக்கொள்வோமாக. நாம் அளக்கும் நிலையில் இருக்கும்போதோ, அளவில் கண்டிப்பும் மனிதனிடத்தில் பொறுமையும் ஒருங்கே உடையராவோமாக.