நித்திரை வராத இரவுகளும் ஒரே சீரான ஓசையும்

பகல் முழுவதும் மண்வெட்டி பிடித்தவருக்குப் பாயில் விழுந்தவுடன் நித்திரை வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் ஊரை விட்டு வந்த குடும்பங்களோடு கதைக்கும்போது நாம் கேட்பது வேறு. உடம்பு அலுத்துப்போய்க் கிடக்கிறது, கண்ணும் மூடுகிறது, காது மட்டும் மூடுவதில்லை. அடுத்த கொட்டிலில் ஒரு பேணி உருண்டால் எழும்பி உட்காருகிறோம். வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் நெஞ்சு படபடக்கிறது. பிறகு விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்துவிட்டு, அடுத்த நாள் அரைக்கண்ணோடு தோட்டத்துக்குப் போகிறோம்.

நித்திரைக் குளிசையைத் தேடிப் போகுமுன் செய்து பார்க்கக்கூடிய, பெரிதாகச் செலவில்லாத ஒரு வழி உண்டு. மழை, காற்று, ஓடும் நீர் போன்ற ஒரே சீரான ஓசையொன்றைக் காதுக்குப் பழக்கி, அதனோடு நித்திரைக்குப் போவதே அது. கேட்பதற்கு விளையாட்டுப்போலத் தோன்றினாலும் இதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை விளங்கிக்கொண்டால்தான் சரியாகச் செய்யலாம்.

காது ஏன் காவல் காக்கிறது?

கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. நாம் நித்திரையாய் இருக்கும்போதும் மூளை வருகின்ற ஓசைகளைத் தரம் பிரித்துக்கொண்டே இருக்கிறது. இயன் ஒஸ்வால்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் 1960இல் வெளியிட்ட ஆய்வில், நித்திரையில் இருப்பவர்களுக்குப் பல பெயர்களை ஒலிக்கச் செய்தபோது, பிறருடைய பெயர்களைவிடத் தம்முடைய பெயருக்கே அவர்கள் கூடுதலாக அசைந்து கொடுத்தார்கள் என்று கண்டார்கள். இடி இடித்தாலும் எழும்பாத தாய், பிள்ளை சிணுங்கினால் எழும்புவதை நாம் வீட்டில் பார்க்கிறோம் அல்லவா, அதுவும் இதுவே.

2016இல் அமெரிக்காவின் பிரவுண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். புது இடத்தில் படுக்கும் முதல் இரவில் மூளையின் இரு பாதிகளும் ஒரேயளவு ஆழமாக உறங்குவதில்லை. இடது பாதி சற்று மேலோட்டமாகவே உறங்கி, வழமைக்கு மாறான ஓசை கேட்டதும் எழுப்பிவிடுகிறது. ஒரு வாரத்தின் பின் அதே இடத்தில் மீண்டும் படுத்தபோது அந்த வேறுபாடு காணப்படவில்லை. புது இடத்தில் நித்திரை வராது என்று எங்கள் முதியவர்கள் சொல்வது வெறும் பேச்சல்ல.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் புறப்பட்டவர்கள், பிறகு தென்மராட்சி, அதன்பின் வன்னி என்று அடுக்கடுக்காக இடம் மாறினார்கள். 2009இல் செட்டிகுளம் மனிக் பாம் முகாமுக்குள் வந்தவர்களில் பலர் அதற்கு முந்திய மாதங்களில் எத்தனை இடத்தில் படுத்தார்கள் என்று எண்ணிச் சொல்ல மாட்டார்கள். மனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. ஆனால் ஒவ்வோர் இடமும் காதுக்கு ஒரு முதல் இரவாக இருந்திருக்கும். எறிகணை எந்தப் பக்கம் விழும் என்பதை ஓசையைக் கொண்டே கணித்து உயிர் தப்பிய காது, ஆபத்து நீங்கிவிட்டது என்று ஒருவர் சொன்னதும் தன் வேலையை விட்டுவிடாது. இதைப் பயந்த சுபாவம் என்று யாரும் பழிக்க வேண்டியதில்லை.

ஓசையை ஓசையால் மூடுதல்

நம்மை எழுப்புவது ஓசையின் பருமன் மட்டுமல்ல. அமைதிக்கும் ஓசைக்கும் இடையிலுள்ள திடீர்ப் பாய்ச்சலே கூடுதலாக எழுப்புகிறது. உதாரணமாக, 30 டெசிபல் அளவுக்கு அடங்கிய இரவில் 55 டெசிபல் அளவில் ஒரு கதவு அடித்தால் பாய்ச்சல் 25. அதே இரவில் 40 டெசிபல் அளவில் மழைபோன்ற ஓசை இருந்துகொண்டே இருந்தால் பாய்ச்சல் 15தான். கதவு அதே கதவுதான், ஆனால் காதுக்கு அது அவ்வளவு பெரிதாகப் படாது. சிறிய ஓசைகளோ முழுதாக மறைந்துவிடும்.

காது கேட்கக்கூடிய தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை எல்லாவற்றையும் சம பலத்தோடு கலந்த இரைச்சலை வெள்ளை ஓசை என்பார்கள். எல்லா நிறங்களும் சேர்ந்தால் வெள்ளை ஒளி வருவதால் வைத்த பெயர் இது. நிலையம் பிடிபடாத இடத்தில் வானொலி போடும் "ஸ்ஸ்" என்ற இரைச்சல் ஏறக்குறைய இதுதான். உயர்ந்த சுருதியைப் படிப்படியாகக் குறைத்தால் மழையையும் இலைச் சலசலப்பையும் ஒத்த, காதுக்கு மென்மையான ஓசை வரும். இதை இளஞ்சிவப்பு ஓசை என்கிறார்கள். இன்னும் குறைத்தால் தூரத்து நீர்வீழ்ச்சிபோல் வருவது பிரவுண் ஓசை. இது நிறத்தின் பெயரல்ல, றொபேட் பிரவுண் என்ற தாவரவியலாளரின் பெயர்.

1962இல் அமெரிக்காவில் ஜிம் பக்வோல்டர் என்பவர் ஒரு சிறு விசிறியைப் பெட்டிக்குள் அடைத்து நித்திரை இயந்திரம் என்று விற்கத் தொடங்கினார். அவர்கள் காசு கொடுத்து வாங்கியது காற்றின் இரைச்சலை. பனங்கூடலுக்குள் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

எந்த ஓசையைத் தெரிந்தெடுப்பது?

இதில்தான் கூடிய கவனம் வேண்டும். இயற்கை ஓசை எல்லாமே அமைதி தரும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். நாம் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆட்காட்டிக் குருவியும் இயற்கைதான், நடு இரவில் அது கத்தினால் யாருக்கு நித்திரை வரும்? ஏற்ற இறக்கம் இல்லாமல், சொல் இல்லாமல், அடுத்து என்ன வரும் என்று காதைக் காத்திருக்க வைக்காமல் ஓடுகின்ற ஓசையே வேண்டும். பாட்டும் செய்தியும் இதற்கு உதவா. நாம் அறியாமலே சொற்களைப் பின்தொடர்ந்து போய்விடுவோம்.

அதைவிட முக்கியமானது, ஓசைக்கும் ஞாபகத்துக்கும் உள்ள தொடர்பு. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோன குடும்பத்தில் மிஞ்சியவருக்கு அலையோசையைப் போட்டுக் கொடுப்பது கொடுமை. 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் புகுந்தபோது இரவில் எழும்பி ஓடியவர்களுக்கு, வான் பாயும் சத்தம் இனிமையாக இராது. தறப்பாளின்மேல் மழை விழும் ஓசை ஒருவருக்குத் தாலாட்டு, இன்னொருவருக்கு முகாமின் சேறு. சில மின்விசிறிகள் தட்டித் தட்டிச் சுழலும்போது ஹெலிகொப்டரை நினைவூட்டும். எனவே எந்த ஓசையையும் முதலில் பகல் வெளிச்சத்தில், ஆட்கள் அருகில் இருக்கும்போது, 10 நிமிடம் கேட்டுப் பாருங்கள். தோள் இறுகுகிறதா, மூச்சு வேகமாகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் அந்த ஓசை உங்களுக்கானதல்ல, வேறொன்றைப் பாருங்கள்.

பழைய வளவுக்குப் பகலில் போய்வரக்கூடியவர்கள் தங்கள் பனைகளின் காற்றையோ வாய்க்கால் நீரையோ கைத்தொலைபேசியில் பதிந்து வரலாம். இதுவும் ஆளுக்கு ஆள் மாறும். சிலரை அது வீட்டு முற்றத்தில் படுத்ததுபோல ஆற்றும், சிலருக்கு விடியுமட்டும் வளவு கண்ணுக்குள் நிற்கும். வேறு யாரும் இதைத் தீர்மானிக்க முடியாது.

மின்விசிறி இருந்தால் அதைச் சுவரை நோக்கித் திருப்பிவிட்டால் போதும். வானொலிப் பெட்டியென்றால் எப்.எம். அலைவரிசையில் நிலையமில்லாத இடத்தில் வைத்து ஒலியைத் தணியுங்கள். சில புதிய பெட்டிகள் அவ்விடத்தில் தாமாகவே மௌனமாகிவிடும், அவை சரிவரா. கைத்தொலைபேசியில் நீங்களே பதிந்த ஓசையைத் திருப்பித் திருப்பி ஒலிக்க வைக்கலாம். பதிவு நீளமாக இருப்பது நல்லது. குறுகியதாக இருந்தால் முடிந்து தொடங்கும் இடத்தில் ஒரு வெட்டு விழும், காது அதையே எதிர்பார்த்துக் கிடக்கும். இணையத்தில் நேரே கேட்டால் நடுவில் விளம்பரம் கத்தி எழுப்பிவிடும், டேட்டாவும் தீரும். அழைப்பு வராதபடி விமான நிலைக்கு மாற்றி, திரையைக் கவிழ்த்து, தலையணைக்கு எட்டத்தில் வையுங்கள். தலையணைக்கு அடியில் வைத்து மின்னேற்றுவது தீ ஆபத்து.

பழக்கிக்கொள்ளும் முறை

ஒரு நாளில் பலன் தெரியாது. ஒரே ஓசையை, ஒரே நேரத்தில், இரண்டு கிழமையாவது தொடர்ந்து கேட்டால்தான் "இது நித்திரைக்கான ஓசை" என்று மூளை பழகும். படுக்குமுன் கால் மணித்தியாலம் தொடக்கம் அதை ஒலிக்க விடுங்கள். பாயில் நித்திரைக்காகவே படுங்கள், கணக்குப் பார்ப்பதையும் கவலை பேசுவதையும் வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 20 நிமிடமளவில் நித்திரை வராவிட்டால் எழும்பி மங்கிய வெளிச்சத்தில் சற்றே இருந்துவிட்டு, கண் சுழலும்போது திரும்புங்கள். மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம். றிச்சட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972இல் முன்வைத்த இந்த முறையை வைத்தியர்கள் இன்றும் சொல்லிக் கொடுக்கிறார்கள். இரவு எப்படிப் போனாலும் காலையில் எழும்பும் நேரம் மாறக்கூடாது. பின்னேரத்துக்குப் பின் சாயம் கூடிய தேநீரைத் தவிர்க்க வேண்டும். சாராயம் விரைவாக நித்திரையைத் தரும், பின்னிரவில் அதைக் கலைத்துவிடும்.

ஓசையின் அளவுக்கு ஒரு சோதனை: பக்கத்தில் படுத்திருப்பவர் மெல்லிய குரலில் சொல்வது விளங்க வேண்டும். பிள்ளையின் அழுகையும் நாயின் குரைப்பும் கேட்க வேண்டும். யானை, பன்றிக் காவலுக்குக் கொட்டிலில் இருப்பவர் காவல் நேரத்தில் இதைப் பாவிக்கவே கூடாது. ஆனால் இரவெல்லாம் காவல் இருந்துவிட்டுப் பகலில், பிள்ளைகளின் இரைச்சலுக்கும் ஆட்களின் நடமாட்டத்துக்கும் நடுவே படுக்கும் அதே ஆளுக்கு இது மிகவும் உதவும்.

குண்டுவெடிப்பாலோ எறிகணையாலோ காது பாதிக்கப்பட்டு, உள்ளே எந்நேரமும் "கீ" என்று இரைச்சல் கேட்பவர்கள் நம்மிடையே பலர். அமைதியான இரவில் அந்த இரைச்சல் பெரிதாகத் தெரியும். மெல்லிய மழையோசை பின்னணியில் இருந்தால் அதன் கூர்மை குறையும். காதிரைச்சலுக்குக் காது வைத்தியர்கள் சொல்லும் ஆலோசனைகளில் இதுவும் ஒன்று.

கைக்குழந்தைகளுக்கு

1990இல் லண்டனில் பிறந்து ஒரு கிழமைக்கு உட்பட்ட 40 சிசுக்களை இரு பிரிவாக்கி ஆராய்ந்தார்கள். வெள்ளை ஓசை கேட்ட 20 பேரில் 16 பேர் 5 நிமிடத்துக்குள் உறங்கினர், கேட்காத 20 பேரில் 5 பேரே உறங்கினர். ஆயினும் 2014இல் சிசுக்களுக்கென விற்கப்பட்ட 14 இயந்திரங்களை அமெரிக்க இதழொன்றில் வெளிவந்த ஆய்வில் அளந்தபோது, அவற்றில் 3 இயந்திரங்கள் முழு ஒலியில் 85 டெசிபலைத் தாண்டின. அது தொழிற்சாலை இரைச்சலின் அளவு, சிசுவின் காதுக்கு ஆகாது. ஆகவே குழந்தையின் தலைமாட்டில் எதையும் வைக்க வேண்டாம். கொட்டிலின் மறுகோடியில், மிகத் தணிந்த ஒலியில் வைத்து, குழந்தை உறங்கியதும் நிறுத்திவிடுங்கள். ஏணையாட்டித் தாய் "ரோ ரோ" என்று இழுப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதை விட்டுவிட வேண்டாம்.

இதன் எல்லை

2021இல் வெளியான மீளாய்வு ஒன்று இதுபற்றிய 38 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, சான்று இன்னும் பலவீனமானதே என்று சொன்னது. சிலருக்கு உதவும், சிலருக்கு உதவாது. மூன்று கிழமை முயன்றும் மாற்றமில்லையென்றால் நிறுத்திவிடலாம், நட்டம் எதுவுமில்லை. பார்த்தவை கனவில் திரும்பத் திரும்ப வந்து அலறி எழும்புபவர்களுக்கும், காணாமற்போனவரை எதிர்பார்த்து வாசலில் காது வைத்திருப்பவர்களுக்கும் ஓசை மட்டும் போதாது. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று வருபவரையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

ஒரே மண்டபத்தில் சீலை மறைப்போடு பல குடும்பங்கள் படுக்கும் இடங்களில் ஒருவர் போடும் மழை மற்றவருக்கு இடைஞ்சலாகும். நான்கைந்து தொலைபேசிகளில் நான்கைந்து ஓசைகள் கலந்தால் அது சந்தை இரைச்சல்தான். அப்படியான இடத்தில் எல்லாக் குடும்பத்தையும் கேட்டு, யாருக்கும் ஆகாத ஓசையை விலக்கி, நடுவில் ஒரேயொரு பெட்டியை வைத்து, எத்தனை மணிக்குப் போடுவது, எத்தனை மணிக்கு நிறுத்துவது, பற்றறிக்கு யார் யார் காசு போடுவது என்று முன்கூட்டியே பேசி முடிவெடுத்துக்கொள்ளுங்கள்.